இறுகிப்போன செம்மண்ணைக் கொத்திப் பதப்படுத்துவது எப்படி: பெங்களூர் வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 10 அடிக்கு 14 அடி நிலம் இருக்கிறது. வீடு கட்டிய ஒரு வருடமும் ஜல்லி கொட்டியது, செங்கல் அடுக்கியது, சிமெண்ட் குழைத்தது எல்லாம் அந்த இடத்தில்தான். முதல் முறை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது வாய் மழுங்கியது, கை கொப்பளித்தது, மண் மட்டும் அசையவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவிலும், லிங்கராஜபுரம், கே.ஆர்.புரம் பக்கம் சொந்தக்காரர்கள் வீடுகளிலும் ஏழெட்டு இடத்தைக் கொத்திவிட்டேன். புதிதாக இறங்குகிறவர்களிடம் தெம்புக்குக் குறைவே இல்லை. வேலையை எந்த நாளில் ஆரம்பிப்பது, எதற்குப் பின் எது என்பதில்தான் தவறுகிறார்கள். கீழே இருப்பதை அதே வரிசையில் செய்யுங்கள்.

1. முதலில் தரைக்கு அடியில் என்ன போகிறது என்று பாருங்கள்

கடப்பாரைக்கு வேரும் தெரியாது, பைப்பும் தெரியாது. தண்ணீர் மீட்டரிலிருந்து சம்புக்குப் போகும் குழாய், சம்பிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகும் குழாய், சாக்கடைச் சேம்பர்களை இணைக்கும் பைப், போர்வெல் மோட்டார் கேபிள், கரண்ட் மீட்டருக்கு வரும் கேபிள் ஆகிய ஐந்தும் எந்த வழியாகப் போகின்றன என்று தாளில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீடு கட்டிய மேஸ்திரியோ பிளம்பரோ இன்னும் தொடர்பில் இருந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாம்.

தண்ணீர்க் குழாய்களைப் பெரும்பாலும் ஒன்றரை அடி ஆழத்துக்குள்ளேயே போட்டு மூடிவிடுகிறார்கள். நான் உடைத்த குழாய் ஒரு சாண் ஆழத்தில்தான் இருந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை வேறு, பிளம்பர் கிடைக்கவில்லை. குழாய், கேபிள் கோட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டடி விட்டுவிடுங்கள். எர்த்திங் குழியைத் தொடவே வேண்டாம். அதில் பல வீடுகளில் உப்பும் கரியும் போட்டிருப்பார்கள், பக்கத்தில் செடியும் சரியாக வராது. காம்பவுண்ட் சுவரை ஒட்டியும் ஒன்றரை அடி விடுங்கள், அங்கே அஸ்திவாரக் கல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

2. கருவிகள்: நாலு போதும், ஆனால் கூர்மையாக இருக்க வேண்டும்

கடப்பாரை, மண்வெட்டி, மண்ணைக் கிளறும் நாலு பல் ஃபோர்க், களைக்கொத்து. இவற்றோடு மண் அள்ள ஒரு பாண்டு, தீட்ட ஒரு அரம். எஸ்.ஜே.பி. ரோட்டுக் கடைகளில் எல்லாமே கிடைக்கும். ஏரியாவில் இருக்கும் ஹார்டுவேர் கடையில் கன்னடத்தில் கேட்பதென்றால் கடப்பாரைக்கு ‘ஹாரே’, மண்வெட்டிக்கு ‘சனிகே’.

கடப்பாரை வாங்கும்போது பெரியதாகப் பார்த்து எடுக்காதீர்கள். கூலிக்கு வருகிறவர்கள் கையில் பார்க்கும் அந்தக் கனமான ஐந்தடிக் கம்பி அவர்கள் உடம்புக்குப் பழகியது. வீட்டு வேலைக்கு நாலடியில், நெஞ்சு உயரத்துக்கு அலுக்காமல் பத்துத் தடவை தூக்கக்கூடிய எடையில் இருந்தால் சரி. ஒரு முனை கூராகவும் மறு முனை உளி மாதிரித் தட்டையாகவும் இருப்பதைக் கேளுங்கள். குத்துவதற்குக் கூர்முனை, பெயர்ப்பதற்குத் தட்டைமுனை.

ஃபோர்க் நம் ஊர்ப் பழக்கத்தில் இல்லாத கருவி என்று பலர் விட்டுவிடுகிறார்கள். நானும் முதலில் வாங்கவில்லை. ஈரமான மண்ணில் மண்வெட்டி அழுத்தி இழுத்து ஒரு பக்கத்தைப் பூசிவிடும். ஃபோர்க் மண்ணை அதன் இயல்பான வெடிப்பு வழியே பிரிக்கும், கோரைக் கிழங்கையும் வெட்டாமல் முழுதாகத் தூக்கும். தகட்டில் வளைத்துச் செய்த மலிவான ஃபோர்க் செம்மண்ணில் முதல் நாளே பல்லை இளித்துவிடும். அடித்துச் செய்த கனமான பல்லாகப் பாருங்கள்.

மண்வெட்டியின் கூர்மை யாருக்கும் தோன்றாத விஷயம். புதிதாக வாங்கும் மண்வெட்டிக்கு வாய் தீட்டியிருக்காது. உள்பக்கமாக மட்டும், ஒரே திசையில், அரத்தால் இருபது முப்பது இழுப்பு இழுங்கள். கத்தி மாதிரி வேண்டாம், விரலை வைத்தால் விளிம்பு தெரிந்தால் போதும். பாதி உழைப்பு அதிலேயே குறையும். பிடி ஆடினால் தண்ணீரில் ஊறப்போட்டு இறுக்குவது ஒரு நாளைக்குத்தான் தாங்கும், காய்ந்ததும் மறுபடி கழலும். மரச்சீவலால் ஆப்பு அடித்து இறுக்கிவிடுங்கள்.

காலுக்குச் செருப்பு போதாது, கனமான ஷூ வேண்டும். செங்கல் குவியலுக்கு அடியில் தேள் இருப்பது இங்கே சாதாரணம். அதனால் எந்தக் கல்லையும் கையால் புரட்டாமல் கடப்பாரை முனையால் புரட்டுங்கள். துருப்பிடித்த ஆணியும் வரும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

3. பதம்: வேலையில் பாதி இதுதான்

பெங்களூர் மண் கிரானைட்டும், நைஸ் (gneiss) என்ற வரிவரியான பாறையும் சிதைந்து வந்த செம்மண். லால்பாக் குன்றில் ஏறி உட்கார்ந்திருப்போமே, அந்த மாதிரிப் பாறைதான். மணலும் களியும் கலந்த இந்த மண்ணுக்கு ஒரு குணம் உண்டு: ஈரத்தில் வெண்ணெய், காய்ந்தால் செங்கல். இரண்டுக்கும் நடுவில் சில நாள் மட்டும் உதிரியாக இருக்கும். அந்த நாளைப் பிடிப்பதுதான் பதம் பார்ப்பது.

சோதனை இப்படி. மேல் மண்ணைப் பார்க்காதீர்கள், அது ஏமாற்றும். அரை அடி ஆழத்தில் ஒரு பிடி எடுங்கள். கையில் இறுக்கி உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள்.

உருண்டையே பிடிக்க வரவில்லை, பொடியாக உதிர்கிறது அல்லது கட்டியாகவே கிடக்கிறது என்றால் காய்ந்த மண். விழுந்தும் உடையாமல் சப்பையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம். விழுந்ததும் நாலைந்து துண்டாகி உதிர்ந்தால் அன்றைக்கே வேலையை ஆரம்பித்துவிடுங்கள்.

இரண்டு தவறில் எது மோசம் என்று கேட்டால், ஈரத்தில் வெட்டுவதுதான். காய்ந்த மண்ணை வெட்டினால் உங்கள் முதுகுதான் போகும். சேறான மண்ணை மிதித்து வெட்டினால் அதிலுள்ள காற்றுத் துளைகள் எல்லாம் அடைபட்டு, காய்ந்த பிறகு சுட்ட ஓடு மாதிரி கட்டிகள் நிற்கும். அடுத்த மழைக்காலம் வரை அவை உடையாது. ‘நேற்று நல்ல மழை, மண் இளகியிருக்கும்’ என்று மறுநாள் காலையில் இறங்குவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நல்ல மழைக்குப் பின் வெயில் இருந்தால் இரண்டு நாள், மப்பாக இருந்தால் மூன்று நான்கு நாள் பொறுங்கள். சந்தேகமாக இருந்தால் மறுபடி உருண்டை பிடித்துப் பாருங்கள்.

பெங்களூரில் இதற்கு நல்ல காலம் ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை. மாங்காய் மழை என்று சொல்லும் சாயங்கால இடிமழை வந்து போகும், நடுவில் வெயிலும் அடிக்கும். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை அதிகம், அப்போது பதம் கிடைப்பது கஷ்டம். மழை நின்ற பின் நவம்பரில் இன்னொரு வாய்ப்பு வரும்.

மழைக்குக் காத்திருக்க முடியாது என்றால், இடத்தைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்கு வரப்பு கட்டி, சாயங்காலம் மெதுவாகத் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், இறங்கவில்லை என்றால் இன்னொரு தடவை. ஆனால் கோடையில் காவிரித் தண்ணீரை இதற்குத் திறக்க வேண்டாம். 2024 மார்ச்சில் குடிநீர் வாரியம் தோட்டத்துக்குக் குடிநீர் ஊற்றத் தடை விதித்து, மீறினால் 5000 ரூபாய் அபராதம் என்றது. அந்த வருடம் நாங்கள் அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் சேர்த்து நாலு நாள் ஊற்றித்தான் ஒரு மூலையை ஊறவைத்தோம்.

4. பாத்தியையும் நடைபாதையையும் முன்பே பிரியுங்கள்

கொத்திய பிறகு பாதை பிரிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கொத்துவதற்கு முன்பே கயிறு கட்டி, எது பாத்தி, எது கால் வைக்கும் இடம் என்று முடிவு செய்துவிட வேண்டும். காரணம் சின்னது: நடக்கப் போகும் இடத்தை வெட்டுவது வீண் உழைப்பு, வெட்டிய இடத்தில் நடந்தால் மண் மறுபடி இறுகிவிடும்.

பாத்தி அகலம் மூன்றரை முதல் நாலடி. இரண்டு பக்கமும் பாதையில் நின்றபடி நடுவரை கை எட்ட வேண்டும், அதுதான் கணக்கு. பாதை ஒன்றரை அடி. நீளம் உங்கள் இஷ்டம், முதல் தடவைக்கு எட்டடியோடு நிறுத்துங்கள். முழு நிலத்தையும் ஒரே வாரத்தில் முடிக்கிறேன் என்று கிளம்பியவர்களில் யாரும் முடித்து நான் பார்க்கவில்லை.

5. களையை வெட்டாதீர்கள், எடுங்கள்

அருகம்புல்லையும் கோரையையும் மண்வெட்டியால் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடியாகும். கோரையின் கருப்புக் கிழங்கு ஒரு சாண் ஆழம் வரை மாலை மாதிரி கோத்துக்கொண்டு இருக்கும். ஃபோர்க்கை முழுசாக இறக்கி, மண்ணோடு தூக்கி உதறி, கிழங்கைக் கையால் பொறுக்குங்கள். எல்லாம் வராது. வருவது வரட்டும், மிச்சம் முளைக்கும்போது மறுபடி எடுக்கலாம். எடுத்த கிழங்கை உரக்குழியில் போடாமல் வெயிலில் நன்றாகக் காயவிட்டு அப்புறப்படுத்துங்கள்.

காலி சைட்டுகளில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம், இங்கே காங்கிரஸ் செடி என்பார்கள், அதைப் பூ விடுவதற்கு முன் வேரோடு பிடுங்குங்கள். கையுறை கட்டாயம். பலருக்கு அது பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

6. வெட்டும் முறை

முதலில் பாத்தியின் ஒரு ஓரத்தில், அகலம் முழுக்க, ஓரடி அகலத்துக்கு ஒரு பள்ளம் எடுங்கள். ஆழம் முக்கால் அடி. மண்ணைப் பாண்டில் அள்ளி, பாத்தியின் மறுகோடிக்கு அப்பால் ஒரு சாக்கின் மேல் கொட்டி வையுங்கள். இந்த முதல் பள்ளம்தான் கஷ்டம். இதைத் தாண்டினால் மிச்சம் சுலபம்.

ஏன் பள்ளம்? இறுகிய மண்ணை நடுவில் குத்தினால் அது எங்கே போகும்? நாலு பக்கமும் சுவர். கடப்பாரை குத்திய துளை மட்டும் மிஞ்சும். பக்கத்தில் ஒரு பள்ளம் இருந்தால் பெயர்ந்த மண் சரிந்து விழ இடம் கிடைக்கும், பாதி வேலையை அதன் எடையே செய்துவிடும். கே.ஆர்.புரத்தில் என் மச்சான் ஒரு காலை முழுக்க நடுவில் நின்று குத்திக்கொண்டிருந்தான். ஓரத்தில் பள்ளம் எடுத்துக் கொடுத்ததும் ஒன்றரை மணி நேரத்தில் அரைப் பாத்தி முடிந்தது.

பள்ளம் எடுத்ததும் அதன் அடித்தரையைக் கவனியுங்கள். மேல் மண் சற்றுக் கறுத்து இருக்கும், அடி மண் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு மண்ணை மேலே கொண்டுவர வேண்டாம். அதில் மக்கு, அதாவது மக்கிப்போன இலைதழை, இல்லை, களி அதிகம், மேலே வந்தால் முதல் மழையிலேயே பாளமாகிவிடும். அது இருக்கும் இடத்திலேயே அதைத் தளர்த்தினால் போதும். கடப்பாரையின் கூர்முனையை அரை அடிக்கு ஒன்றாக இறக்கி, பிடியை முன்னும் பின்னும் அசைத்து விடுங்கள். வேருக்கும் தண்ணீருக்கும் அந்த வெடிப்பே வழி.

கடப்பாரையை ஓங்கி எறியக் கூடாது. இரண்டு கையாலும் நெஞ்சு வரை நேராகத் தூக்கி, பிடியைத் தளர்த்தி, அதன் எடையிலேயே விழ விடுங்கள். விழும்போது இறுக்கிப் பிடித்தால் அதிர்ச்சி முழுக்க மணிக்கட்டுக்கு வரும், கல்லில் பட்டால் தோள் வரை ஏறும்.

இப்போது பள்ளத்தின் விளிம்பிலிருந்து அரை அடி தள்ளி, வெட்டாத பக்கம் நின்றுகொண்டு, சாணுக்கு ஒன்றாக வரிசையாக மூன்று நாலு குத்து. கடைசிக் குத்தில் தட்டைமுனையை இறக்கி, பிடியை உங்கள் பக்கம் சாய்த்து நெம்பினால் ஒரு பாளம் பெயர்ந்து பள்ளத்தில் சரியும். பின்னால் அரை அடி நகருங்கள். மறுபடி அதே. ஒவ்வொரு புதுப் பள்ளத்தின் அடித்தரையையும் தளர்த்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். கடைசிப் பள்ளத்துக்கு, சாக்கில் கொட்டி வைத்த மண்ணைப் போட்டு மூடுங்கள்.

கடப்பாரையும் ஃபோர்க்கும் பின்னோக்கி நகர்ந்து வேலை செய்யும் கருவிகள். மண்வெட்டியோ தன் பக்கம் இழுக்கும். அதனால் அதை மட்டுமே வைத்துக் கொத்துகிறவர் முன்னேற முன்னேறத் தான் கொத்திய மண்ணின் மேலேயே நிற்கிறார், வெட்ட வெட்ட மிதித்து இறுக்கிக்கொண்டே போகிறார். மண்வெட்டியை எடுக்கும்போது பாத்திக்குள் நிற்காமல் பக்கத்துப் பாதையில் நின்று குறுக்கே இழுங்கள். உள்ளே கால் வைத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பலகை போட்டு அதன் மேல் நில்லுங்கள்.

நாலுக்கு எட்டடிப் பாத்திக்கு எனக்கு இரண்டு காலைகள் ஆகும். ஏழு மணிக்கு இறங்கி ஒன்பதரைக்கு ஏறிவிடுவேன்.

7. கட்டட மிச்சங்கள்

செங்கல் துண்டும் ஜல்லியும் பெரிய தொல்லை இல்லை. உள்ளங்கையை விடப் பெரியதை மட்டும் எடுங்கள், சின்னது இருந்தால் தண்ணீர் வடிய உதவும். சிமெண்ட் கட்டிகளையும் சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த துண்டுகளையும் விடக் கூடாது. அவை மண்ணின் காரத்தன்மையை ஏற்றும், செடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போய், இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். உரம் போட்டும் ஏன் வெளுக்கிறது என்று கேட்கும் பல வீடுகளில் காரணம் மண்ணுக்குள் புதைந்த சிமெண்ட்தான். செண்டரிங் பலகைத் துண்டுகள் கிடந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள், கரையான் வரும்.

ஒரே இடத்தில் சாம்பல் நிறப் பாளம் தட்டுப்பட்டால் அங்கேதான் கலவை குழைத்திருக்கிறார்கள். உடைத்துக் கலக்காமல் முழுதாக எடுத்து வெளியே போடுங்கள்.

8. கட்டிகளை உடைப்பது

பெயர்த்த பாளங்களை அன்றைக்கே உடைக்க வேண்டாம். ஒரு நாள் வெயில் படட்டும். வெளிப்பக்கம் வெளுத்து உள்ளே லேசான ஈரம் இருக்கும் நேரத்தில் மண்வெட்டியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினால் உதிரும். இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டால் கல்லாகிவிடும். பிறகு பூவாளியால் தெளித்து மறுநாள் தட்ட வேண்டியதுதான்.

எவ்வளவு பொடியாக? மேலே மூன்று விரல் அளவுக்கு மட்டும் விதை போடும் பதத்தில் பொடி. அதற்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக் கட்டிகள் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். முழுவதையும் சல்லடையில் சலித்து மாவாக்கி அழகு பார்த்த ஒரு பாத்தி, செப்டம்பர் மழையில் சிமெண்ட் தரை போல இறுகியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

9. எரு

நாலுக்கு எட்டடிப் பாத்திக்கு இரண்டு அங்குலக் கனத்தில் பரப்ப, கிட்டத்தட்ட 150 லிட்டர் எரு வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன் அளவில் ஏழரை கேன். கேட்டால் அதிகமாகத் தெரியும், ஆனால் இந்த மண்ணை மறுபடி இறுகாமல் வைப்பது மக்குதான்.

பரப்பிவிட்டு ஃபோர்க்கால் அரை அடி ஆழத்துக்குள் கலந்துவிடுங்கள். ஆழத்தில் புதைப்பது வீண், நுண்ணுயிரும் மெல்லிய வேரும் மேலேதான் அதிகம். வீட்டு ஈரக் கழிவில் செய்த உரமானால் முழுதாக மக்கியதா என்று பாருங்கள்: கை வைத்தால் சூடு இருக்கக் கூடாது, மழை மண் வாசனை வர வேண்டும். அரைகுறையாக மக்கியதைக் கலந்தால் அது மக்கி முடிக்கும்வரை மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

மணல் போட்டால் இளகுமே என்று எல்லோரும் கேட்பார்கள். களி உள்ள மண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் கெட்டிதான் ஆகும். பலன் தெரிய வேண்டுமானால் பாதிக்குப் பாதி கொட்ட வேண்டும், அதற்கு லாரி வேண்டும்.

10. மட்டம், முதல் தண்ணீர், அதன் பிறகு

களைக்கொத்தின் பின்புறத்தால் மேலே இழுத்து மட்டம் செய்யுங்கள். கொத்தி எரு கலந்த மண் உப்பி, பாத்தி தானாகவே பாதையை விட அரை அடி உயர்ந்திருக்கும். அதை அமுக்கிவிட வேண்டாம், மழைத் தண்ணீர் நிற்காமல் வடிய அந்த உயரம் வேண்டும். முதல் தண்ணீரைப் பூவாளியால் மெதுவாக விடுங்கள். ஹோஸ் பைப்பைத் திறந்து பீய்ச்சினால் மேல் பொடி அடித்துக்கொண்டு போய்ப் படிந்து ஓடு கட்டும். பிறகு ஒரு வாரம் மண் தானாக அமரட்டும், அப்புறம் நடுங்கள். காய்ந்த இலை, வைக்கோல், தேங்காய் நார் எது கிடைக்கிறதோ அதை இரண்டு அங்குலம் மேலே மூடுங்கள். சாயங்கால மழையின் அடி நேராக மண்ணில் விழாது.

இந்த ஆழமான வெட்டு ஒரு தடவைக்குத்தான். வருடா வருடம் புரட்டினால் மண்புழு வழிகள் அறுந்து, மக்கும் சீக்கிரம் கரைந்து, மண் பழைய நிலைக்குப் போய்விடும். அடுத்த வருடம் முதல் மேலே எரு போட்டு ஃபோர்க்கை இறக்கி லேசாக அசைத்தால் போதும். பெரிய மழைக்குப் பின் மேலே ஓடு கட்டினால் மட்டும், களைக்கொத்தால் ஒரு விரல் ஆழத்துக்குக் கீறி விடுங்கள்.

வேலை முடிந்த அன்றே கருவிகளில் ஒட்டிய மண்ணைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவி, துடைத்து, பழைய சமையல் எண்ணெயை ஒரு துணியில் நனைத்துத் தடவி வையுங்கள். ஈர மண்ணோடு சாய்த்து வைத்த மண்வெட்டியில் இரண்டே நாளில் துரு ஏறிவிடும், அடுத்த தடவை அரத்தோடுதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.